முன்நிற்றலும் மேலெழுதலும்



காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியில் 1738ஆம் ஆண்டு கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்று அச்சேறியது. விளக்கமொழி இலத்தீன், ஆசிரியர் வீரமாமுனிவர். அச்சிட்டவர்களோ, அவர் எழுத்தால் கடுமையாக எதிர்த்துவந்த லுத்தரன் சபையார்! எதிரியின் நூலேயாயினும் சிறந்தது சிறந்ததே என்று அச்சகம் ஒப்பிய நிகழ்ச்சி அது. இங்கிருந்து அணித்தேயுள்ள அவ்வூரில் தமிழோடு கைகோத்த இலத்தீன், சிறந்து விளங்குதலை எவ்வாறு சொல்கிறது?

‘பிரைஸ்தாரே’ என்பது ஒரு வினை. ‘பிரை’ முன், ‘ஸ்தாரே’ நிற்றல். சல்லுஸ்தியுஸ் தம் கதிலினா வரலாற்றின் முதல் வாக்கியத்திலேயே, ஏனை உயிர்களினும் மேம்பட விழையும் மாந்தரைக் குறிக்க இதனை ஆள்கிறார். அங்கே பின்தங்கும் உயிர்கள் நிற்பது நான்காம் வேற்றுமையில். நம் செய்யுளோ ‘அவனின் சிறந்தான்’ என ஐந்தாம் வேற்றுமையை நாடும். ‘அவனை விஞ்சினான்’ என்பது இரண்டாவது. ஆயினும் ‘அளவுக்கு மிஞ்சி’ என்னும் பேச்சுவழக்கு இலத்தீனைப் போலவே ‘கு’ உருபை ஏற்பது வியப்பு.

இவ்வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு: பொறுப்பேற்றல், ஈடுநிற்றல், கடமையை நிறைவேற்றல். திருமணத்தை ஒருவர் ‘முன்நின்று நடத்தினார்’ என்கிறோமே, அதே முன்நிற்றல். கவியரங்கில் அடுத்தவரை விஞ்ச முனையும் கவிஞர்கள் முதற்பொருளை மட்டுமே பற்றிக்கொள்கின்றனர். தாம் பாடிய சொல்லுக்கு ஈடுநிற்பவர் சிலரே.

மற்றொன்று ‘எக்ஸ்கெல்லெரே’, மேலெழுதல். குன்றைக் குறிக்கும் ‘கொல்லிஸ்’ இதன் உறவுச்சொல். இதன் இறந்தகால வடிவம் மிக அரிது. ‘மேலெழுந்தான்’ என்று முடித்துவைக்க எளிதில் இடந்தராத வினை. ‘எக்ஸ்கெல்லென்ஸ்’ என்னும் எச்சவடிவிலேயே பெரிதும் வழங்குகிறது.

இவ்விரண்டில் காரைக்கால் அம்மையார்க்குப் பொருந்துவது எது? அறுபத்து மூவர் திருவுருவ வரிசையில் ஏனையோர் நிற்க, அம்மையார் அமர்ந்திருக்கிறார். அழகைத் துறந்து பேயுருக் கொண்டவர் அவர். முன்நிற்கும் விழைவு அவரிடம் இல்லை. ‘பிரைஸ்தாரே’ அவர்க்கு ஆகாது. இலத்தீனில் அவரைப் பாடப் புகும் புலவர், குன்றோடு உறவுடைய வினையையே எடுத்தாக வேண்டும். கயிலைமலையில் தலையால் நடந்து ஏறியவர் அல்லரோ அவர்!