கை மாறிய சித்திரம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



கவிதை, சிறுகதை, நாடகம் என்பன பற்றி இத்தகைய தொடர்களில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சித்திரக்கதை. 'அது சிறுவர் சமாசாரமல்லவா, இலக்கிய நிகழ்ச்சியில் அதற்கென்ன வேலை?' என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் ஒரு கதையின்மீது வாசகன் எவ்வளவு தூரம் உரிமை கொண்டாடுகிறான் என்பதை அறிய விரும்புவோர் சித்திரக்கதை வாசகனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அதிலும், நெடுங்காலம் ஒரு தொடருக்குப் படம் வரைந்த ஓவியர் விலகிப் போகும்போது, அல்லது மறைந்துபோகும்போது, அந்த வாசகன் படும் பாடு ஊன்றி நோக்கத்தக்கது.

எங்கள் தோப்பூர் மூதூருக்கு அப்பால் வயல்கள் சூழ்ந்த ஊர். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை திருகோணமலைப் பட்டணத்துக்குப் போவதென்றால் மூதூர்த் துறையில் லாஞ்சி ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும்; தரைவழியே போனால் 'பாதை'யில் ஏறி இறங்க வேண்டும். 1980களில் அப்படிப் போய் வந்தவர்களின் சாமான் பைகளுக்குள்தான் சிவகாசியின் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும், அவற்றோடு ராணி காமிக்ஸும் எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒரு புத்தகம் வந்தால் பத்துப் பதினைந்து வீடுகளைச் சுற்றும். என் கைக்கு வரும்போது அட்டையும் முன்பக்கமும் கழன்றிருக்கும். கதாநாயகன் பெயர் தெரியும். படம் கீறியவர் பெயர் தெரியாது.

எங்கள் ஊரில் ஓடாவி வேலை செய்த காக்கா ஒருவர் இந்தப் புத்தகங்களுக்குப் பெரிய இரசிகர். ஒருநாள் மாடஸ்டி பிளைஸி கதைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது ரெண்டும் ஒரு ஆள் கீறின படமில்ல. கண்ணைப் பாருங்க, கைவிரலைப் பாருங்க."

"எப்படிக் காக்கா கண்டுபிடிச்சீங்க?"

"ஒருத்தன் இழைச்ச பலகையில மற்றவன் சீவுளி போட்டா எனக்குத் தெரியாமப் போகுமா? இது நம்மட ஆள் இல்ல."

'நம்மட ஆள்' என்று அவர் சொன்னது யாரை? முகம் தெரியாத, பெயர் தெரியாத, எந்த நாட்டவர் என்றும் தெரியாத ஓர் ஓவியரை. நேயர்களே, இந்த உரையின் மையம் அந்தச் சொல்தான்.

காக்கா கண்டது எதை என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். பீற்றர் ஓ'டொனல் எழுதிய மாடஸ்டி பிளைஸி 1963 மே மாதம் லண்டன் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் தொடங்கியது. அதன் முதல் ஓவியர் ஜிம் ஹோல்டவே. 1970 இல், ஒரு கதை நடுவழியில் நிற்கும்போதே அவர் காலமானார். பத்திரிகைத் தொடர் ஒருநாளும் நிற்கமுடியாதது. எனவே ஸ்பெயின் நாட்டு ஓவியர் ரொமேரோ அதே கதையின் மீதியை வரைந்து முடித்தார். பாதிக் கதை ஒரு கையால், மீதிக் கதை மறு கையால். 1978 இல் ரொமேரோவும் வேறொரு தொடருக்காக விலகினார். அதன்பின் ஜோன் பேர்ன்ஸ், பற்றிக் ரைட், நெவில் கொல்வின் என்று மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். 1986 இல் ரொமேரோ திரும்பி வந்து, 2001 இல் தொடர் முடியும்வரை வரைந்தார். எழுதியவர் ஒருவர், வரைந்தவர்கள் ஐவர். 1984 இல் லயன் காமிக்ஸ் மாடஸ்டியோடுதான் தமிழில் தன் முதல் இதழை வெளியிட்டது.

ஓவியர் மாறும்போது வாசகன் என்ன செய்கிறான்? முதலில் ஒப்பிடுகிறான். 'மூக்கு சரியில்லை, நடை சரியில்லை' என்கிறான். பிறகு கோபப்படுகிறான். புதியவர் ஏதோ களவாகக் கதைக்குள் நுழைந்துவிட்டவர்போல அவனுக்குத் தோன்றுகிறது. பின்னர் பழைய இதழ்களைத் தேடி அலைகிறான். சிலர் தொடரையே கைவிடுகிறார்கள். பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே வாசிப்பைத் தொடர்கிறார்கள்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நடப்பதை யோசித்துப் பாருங்கள். நாவலில் ஒருத்தியை 'அழகி' என்று எழுதினால், அந்த முகத்தை வாசகனே தன் மனத்தில் வரைந்துகொள்கிறான். சித்திரக்கதையிலோ அந்த வேலையை ஓவியர் செய்துவிடுகிறார். அவள் சிரிப்பதும் சினப்பதும் அவருடைய கோட்டில்தான். கோடு மாறினால் வாசகனுக்கு ஆளே மாறிவிடுகிறாள். நமக்குத் தெரிந்த ஒருவர் திடீரென்று வேறு குரலில் பேசினால் எப்படியிருக்கும்? அந்தத் திடுக்கிடல்தான் இது.

எனினும் இந்தக் கோபத்துக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. ரிப் கெர்பி என்ற மூக்குக்கண்ணாடி போட்ட துப்பறிவாளரைத் தமிழ் வாசகர் அறிவர். அவரை 1946 இல் உருவாக்கியவர் அலெக்ஸ் ரேமண்ட். பத்தே ஆண்டுகள், 1956 செப்டெம்பரில் கார் விபத்தில் ரேமண்ட் இறந்தார். அந்த இடத்துக்கு ஜோன் பிரென்டிஸ் வந்தார். ரேமண்டின் பாணியை ஒத்து வரையக்கூடியவர் என்பதே அவர் தெரிவானதற்குக் காரணம். அவர் 1999 வரை வரைந்தார். கணக்குப் பாருங்கள்: முன்னவர் 10 ஆண்டு, பின்னவர் 43 ஆண்டு. ஆனாலும் ரிப் கெர்பி என்றவுடன் உலகம் ரேமண்டின் பெயரையே முதலில் சொல்கிறது. வாழ்நாளெல்லாம் இன்னொருவரின் கைபோலத் தன் கையை வளைத்து வைத்திருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். லீ போக் எழுதிய முகமூடி வீரர் கதை 1936 இல் தொடங்கியது. அவரை வேதாளர் என்றும் மாயாவி என்றும் தமிழில் அழைத்தோம். முதலில் ரே மூர் வரைந்தார். பின்னர் வில்சன் மக்கோய். மக்கோய் 1961 இல் மறைந்தபின் சை பேரி வந்து, 1994 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார். மக்கோயின் படங்கள் எளிய கோடுகளால் ஆனவை. சை பேரியின் படங்களில் காட்டின் நிழலும் தசையின் முறுக்கும் தத்ரூபமாகத் தெரியும். எங்கள் ஊர்ச் சிறுவர்கள் பெரும்பாலோர் முதலில் பார்த்தது சை பேரியின் வேதாளரை. பிறகு ஏதோ ஒரு பழைய புத்தகத்தில் மக்கோயின் படத்தைக் கண்டபோது, 'யாரோ புதிய ஆள் கெடுத்துவிட்டான்' என்று கொதித்தார்கள். உண்மையில் மக்கோய்தான் முன்னவர்! அமெரிக்காவில் காலவரிசைப்படி நடந்த ஓவியர் மாற்றம், எங்கள் ஊரில் தலைகீழாக நடந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. வாசகன் 'மூலம்' என்று போற்றுவது முதலில் வரையப்பட்ட முகத்தை அன்று. தான் முதலில் கண்ட முகத்தை. எனவே புதிய ஓவியரை அவன் நிராகரிப்பது கலைத் தீர்ப்பாகாது. அது அன்பின் தீர்ப்பு. அன்பின் தீர்ப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் அதை வைத்து ஓர் ஓவியரின் தகுதியை அளக்கமுடியாது.

நம் தமிழ்ச் சூழலிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது ஓவியம் வரைந்தவர் மணியம். அவருடைய வந்தியத்தேவனும் நந்தினியும் ஒரு தலைமுறையின் கண்ணில் நிலைத்துவிட்டனர். கல்கி இதழ் அக்கதையைப் பின்னர் மீண்டும் மீண்டும் வெளியிட்டபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார், வேதா வரைந்தார். ஒவ்வொரு முறையும் மூத்த வாசகர், 'மணியத்தின் நந்தினி எங்கே, இவள் எங்கே?' என்று பெருமூச்சு விட்டதுண்டு. ஆனால் பத்மவாசனின் படத்தோடு அந்நாவலுக்குள் முதன்முதல் நுழைந்தவரைக் கேளுங்கள். அவருக்கு அதுவே நந்தினி. கதை எழுதியவரின் ஒரு சொல்கூட மாறவில்லை. ஆயினும் தலைமுறைக்கொரு நந்தினி.

கை மாறாமல் கதையையே முடித்துக்கொள்ளும் வழியும் உண்டு. டின்டினைப் படைத்த ஏர்ஜே 1983 இல் மறைந்தார். தமக்குப்பின் வேறெவரும் டின்டின் கதையைத் தொடரக்கூடாது என்பது அவருடைய விருப்பம், அவ்வாறே ஆயிற்று. நம் நாட்டில் சிரித்திரன் சுந்தர் என்ற சிவஞானசுந்தரத்தை எண்ணிப் பாருங்கள். அவருடைய சவாரித்தம்பர் தினகரனில் வாசகரைச் சிரிக்கவைத்தார்; சுந்தர் சொந்தமாகச் சிரித்திரன் சஞ்சிகையைத் தொடங்கியபோது அங்கும் அவரோடு வந்தார். 1996 இல் சுந்தர் மறைந்தார். இன்னொருவர் கையில் சவாரித்தம்பரைக் காண நம் மனம் ஒப்புமா? அந்தக் கிண்டல், அந்தக் கோடு, அந்த வடமராட்சி மண் மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. எல்லாக் கதாபாத்திரங்களையும் கைமாற்றிக் கொடுக்க முடியாது.

அப்படியானால் வாசகனாகிய நாம் என்ன செய்ய வேண்டும்? புதிய கைக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது வேறொன்று. படம் வரைந்தவரின் பெயரை அறிந்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆனந்த விகடனில் மாலி, கோபுலு, சில்பி ஆகியோரின் கையெழுத்துகள் படத்தின் மூலையில் இருந்தன. 1960களில் கோபுலு விகடனை விட்டு விளம்பரத்துறைக்குப் போனபோது, யார் போனார் என்று வாசகருக்குத் தெரிந்தது. தில்லானா மோகனாம்பாளுக்கு உருவம் கொடுத்தவர் அவர் என்று சொல்லி ஏங்க முடிந்தது. எங்கள் ஓடாவிக் காக்காவுக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. அவருடைய கண் ஓவியரைக் கண்டுபிடித்தது. நாக்கில் சொல்லப் பெயர் இருக்கவில்லை. ஆகவேதான் 'நம்மட ஆள்' என்றார். அந்த ஆள் ஹோல்டவேயா, ரொமேரோவா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகங்களை எடுத்துப் பார்த்துத் தீர்மானிக்கவும் வழியில்லை. 2006 ஆகஸ்டில் போரினால் எங்கள் பிரதேச மக்கள் இடம்பெயர்ந்து கந்தளாய்க்குப் போனோம். திரும்பி வந்தபோது புத்தகப் பெட்டி இருந்தது. உள்ளே இருந்தவை மழைநீரில் ஊறிக் கட்டியாகியிருந்தன. காக்காவும் இப்போது இல்லை.

என் மருமகன் ஒருவன் இப்போது இரத்தப் படலம் வாசிக்கிறான். 1984 முதல் அத்தொடரை வரைந்த வில்லியம் வான்ஸ் ஓய்வுபெற்று, 2018 இல் மறைந்தும் விட்டார். 2011 இல் யூரி ஜிகுனோவ் வரையத் தொடங்கினார். மருமகன் முதலில் படித்தது பிந்தியவருடைய படங்களை. பழைய பாகத்தைக் காட்டியபோது, "மாமா, இது அந்த ஆள் மாதிரியே இல்லையே!" என்கிறான். நான் வாதாடவில்லை. இரண்டு ஓவியர்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

நேயர்களே, இன்று நம் சஞ்சிகைகளிலும் பாடப்புத்தகங்களிலும் எத்தனையோ இளைஞர்கள் படம் கீறுகிறார்கள். எழுதியவர் பெயர் பெரிய எழுத்தில் வருகிறது. கீறியவர் பெயரைப் பல இடங்களில் காண முடிவதில்லை. அவர் ஒருநாள் விலகிப்போனால், அவர் இருந்தார் என்பதற்கே சாட்சி இராது. ஆகவே பத்திரிகை நடத்துவோரிடம் என் வேண்டுகோள்: படத்தின் கீழே பெயரைப் போடுங்கள். வாசகரிடம் என் வேண்டுகோள்: அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த படம் ஒன்றைக் கண்டால், அதன் மூலையில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையேல் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.