"டொக்" சத்தத்துக்குக் காது கொடுப்போம்

(தோட்டச் சாரதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டத்துக் கெப் வண்டிக்கு வயது போய்விட்டது. ஆனாலும் உர மூட்டை ஏற்றுவதும் அதுதான். நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுதான். சில மாதங்களுக்கு முன் கிளச்சை விடும்போதெல்லாம் அடியில் "டொக்" என்று கேட்டது. "பழைய வண்டி, அப்படித்தான்" என்று சாரதிகளான நாங்களும் இருந்துவிட்டோம். அது எங்கள் பிழை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். குழியில் விழும்போது மட்டும் வந்தால் ஸ்பிரிங், புஷ் பக்கம் பார்க்கலாம். வண்டி புறப்படும்போதும், எக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் வந்தால், என்ஜினின் பலம் பின்சக்கரத்துக்குப் போகும் வழியில் எங்கோ ஆட்டம் விழுந்திருக்கிறது.

அந்த வழியில் முதலில் பார்க்க வேண்டியது புரொப்பெலர் ஷாப்டின் யூனிவர்சல் ஜொயின்ட். அது சிலுவை போன்ற ஒரு துண்டு. அதன் நான்கு முனைகளும் ஊசி பெயாரிங்கில் இருக்கும். கிரீஸ் வற்றினால் மெதுவாக ஓடும்போது "கீச் கீச்" என்னும். மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் தெரியும்.

சோதிப்பது சுலபம். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விடுங்கள். ஷாப்டைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஜொயின்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் அது தேய்ந்துவிட்டது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

ஜொயின்ட் நன்றாக இருந்தால், நடு பெயாரிங் உள்ள வண்டியில் அதன் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, என்ஜின் மவுண்டிங் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிபரன்ஷியலைக் கடைசியில் பாருங்கள். அதில் சிறிது ஆட்டம் இருப்பது வழமை. ஒயில் குறைந்திருந்தாலோ, ஒயிலில் இரும்புத் துகள் இருந்தாலோதான் பயப்பட வேண்டும். எங்கள் வண்டியிலும் டிபரன்ஷியலைக் கழற்றுவதாகத்தான் பேச்சு நடந்தது. கடைசியில் பழுதானது பின் ஜொயின்ட் ஒன்றுதான்.

சின்னச் சாமான்தானே என்று நினைக்க வேண்டாம். பின்சக்கர இழுவை வண்டி இறக்கத்தில் போகும்போது ஷாப்ட் அறுந்தால், கியரில் போட்டிருந்தாலும் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். ஷாப்டின் முன்முனை கழன்று தரையில் குத்தினால் வண்டியே புரளலாம். பின்னால் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள்.

ஆகவே சாரதித் தோழர்களே, சத்தம் கேட்ட அன்றே வண்டிப் புத்தகத்தில் திகதியோடு எழுதுங்கள். எப்போது, எந்தக் கியரில் என்றும் எழுதுங்கள். அதில் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். விபத்து நடந்த பிறகு பழி சாரதி மேல்தான் விழும். எழுதியும் திருத்தாவிட்டால் தோட்டக் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள். தனியாக ஒருவர் கேட்க வேண்டாம், எல்லோரும் சேர்ந்து கேட்போம்.