கேளாமல் வரும் இலவசமும் நுகர்வோர் உரிமையும்



ஒரு பொருளை வேண்டாமென மறுப்பதும் நுகர்வோரின் உரிமையே. கேளாமல் வந்து சேரும் மின்னணுப் பண்டங்கள் இவ்வுரிமையைச் சோதிக்கின்றன. 2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் நிறுவனம், அயர்லாந்தின் யூ-2 குழுவினரது புதிய இசைத்தொகுப்பை ஏறத்தாழ 50 கோடி ஐட்யூன்ஸ் கணக்குகளில் இலவசமாகச் சேர்த்தது. பெற்றவருள் பலர் மகிழவில்லை. முறையீடுகள் பெருகவே, அதனை நீக்குதற்கெனத் தனி வசதியொன்றை ஒரு வாரத்திற்குள் அமைத்துத் தர நேர்ந்தது.

அது வசதி படைத்தோரின் சிக்கல் எனலாம். சிற்றூர்களில் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. குன்னத்துகால், கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைப்புற ஊர். அண்டையிலுள்ள விளவங்கோடு வட்டம் 1956-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த போதிலும், இப்பகுதியில் தமிழும் மலையாளமும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. 2015 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து 'இன்டர்நெட் டாட் ஆர்க்' சேவையைத் தொடங்கியபோது, தமிழ்நாடு, கேரளம் இரண்டுமே முதற்கட்டத்தில் இடம்பெற்றன. இருமொழிகளிலும் சேவை கிடைத்தது. கட்டணமின்றிக் காணத்தக்க தளங்கள் சிலவே. அவற்றைத் தெரிந்தெடுத்தவர் நுகர்வோர் அல்லர், சேவையை நடத்தியோரே. அவ்வாண்டிலேயே அது 'ஃப்ரீ பேசிக்ஸ்' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஒன்றுமில்லாததற்கு இது மேலன்றோ எனக் கேட்டவர் உண்டு. ஏழை நுகர்வோரை முன்னிட்ட அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் பட்டியலில் உள்ளதற்குக் கட்டணமில்லை, இல்லாததற்குக் கட்டணம் உண்டு என்ற நிலையில், கைப்பணம் குறைந்தவரின் விருப்பம் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. சிறிய மொழித்தளம் நடத்துவோரும் படிப்போரை இழப்பர். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுபட்ட கட்டணம் விதிப்பதைத் தடைசெய்தது. மீறுவோர்க்கு நாளொன்றுக்கு ரூ. 50,000, உச்ச அளவாக ரூ. 50 இலட்சம் அபராதம். நெருக்கடிக் காலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. பேஸ்புக் அச்சேவையை இந்தியாவில் கைவிட்டது.

கேளாத அழைப்பிசை போன்றவற்றிற்குப் பணம் கழிக்கப்படுவது குறித்த முறையீடுகளை ஒட்டி, 2013 ஜூலையிலேயே ஆணையம் மற்றோர் ஏற்பாடு செய்திருந்தது. மதிப்புக்கூட்டுச் சேவை எதுவாயினும், சந்தாதாரர் இருமுறை ஒப்புதல் அளித்த பின்னரே தொடங்கப்படல் வேண்டும். அலுவலர்கள் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய விதி இது. அறியாதார் இன்னும் பலர்.

2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பெற்ற கேரள அரசின் 'கே-ஃபோன்' திட்டமும் இலவசம் வழங்குவதே. முதற்கட்டமாகச் சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீதம் 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பளிக்கத் திட்டமிடப்பட்டது. இங்கே அரசு வழங்குவது இணைப்பினை. எத்தளத்தைக் காண்பது என்பது குடும்பத்தாரின் விருப்பம்.