வாசலுக்கு வெளியே நிற்கும் மகன்

(வானொலி மறையுரை – தவக்காலம் 4-ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 15:1-3, 11-32)



சென்ற ஞாயிறு மாலை, இளைஞர் கூட்டம் முடிந்து நான் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பங்கு மண்டபத்தில் பெரிய சத்தம். "அவனைக் கொல்லத்தான் வேணும்" என்று ஒரு குரல். "கொன்னுட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்று இன்னொரு குரல். பதறிப்போய் உள்ளே ஓடினேன். ஏழெட்டுப் பையன்கள் தேநீர் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். "யாரைப்பா கொல்லப் போறீங்க?" என்று கேட்டேன். ஒருவன் சிரித்துக்கொண்டே, "லோகெய்ன் ஃபாதர், கேம்ல வர்ற தளபதி" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர்கள் பேசிய வேகத்தைப் பார்த்து நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று அவர்கள் எனக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். இன்றைய நற்செய்திக்கு அது மிக அருகில் இருக்கிறது.

அந்தக் கணினி விளையாட்டின் பெயர் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் உருவாக்கியது; 2009-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஃபெரல்டன் என்ற கற்பனை நாட்டில் கதை நடக்கிறது. லோகெய்ன் அந்த நாட்டின் பெரிய தளபதி. அண்டை நாட்டாரின் ஆட்சியிலிருந்து நாட்டை மீட்கப் போராடியவர். மக்களுக்கு அவர் ஒரு வீரர். மறைந்த மன்னரின் உயிர் நண்பர். இளம் மன்னர் கெய்லன் அவருடைய மருமகன்.

பாதாளத்திலிருந்து ஒரு கொடிய கூட்டம் படையெடுத்து வருகிறது. மன்னர் கெய்லனும், கிரே வார்டன் என்ற காவல் வீரர்களும் பள்ளத்தாக்கில் எதிரியை எதிர்த்து நிற்க வேண்டும். கோபுரத்தில் தீ ஏற்றப்பட்டதும் லோகெய்ன் தன் படையோடு பக்கவாட்டிலிருந்து பாய வேண்டும். இதுதான் திட்டம். தீ ஏற்றப்படுகிறது. லோகெய்ன் அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, படையைத் திரும்பிப் போகச் சொல்கிறார். மன்னர் களத்திலேயே கொல்லப்படுகிறார். வார்டன் வீரர்களின் தலைவர் டங்கனும் மடிகிறார். பிறகு லோகெய்ன், பழியையெல்லாம் அந்த வார்டன்கள் மீதே போட்டு, ஆட்சியைக் கையில் எடுத்துக்கொள்கிறார். படைக்குப் பணம் வேண்டும் என்று, நகரத்தின் ஏழைக் குடிகளை அடிமை வணிகர்களிடம் விற்கவும் துணிகிறார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? அந்தப் போர் ஏற்கெனவே தோற்றுவிட்டது, படையையாவது காப்பாற்ற வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். பழைய எதிரி நாட்டிடம் மன்னர் உதவி கேட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. நாட்டின் மீது அவருக்கு இருந்த பற்று பொய்யில்லை. அதனால்தான் பிள்ளைகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

கதையின் பிற்பகுதியில் பெருமக்கள் அவை கூடுகிறது. லோகெய்ன் தோற்று மண்டியிடுகிறார். தீர்ப்பு விளையாடுகிறவர் கையில். அவருக்கு மரண தண்டனை கொடுக்கலாம். அல்லது அவரையே ஒரு வார்டனாக்கி, அவர் யாரைக் கொல்லவிட்டாரோ அவர்களுடைய பணியை அவர் தோளிலேயே ஏற்றலாம்.

அங்கே அலிஸ்டர் என்று ஓர் இளைஞர் நிற்கிறார். தொடக்கம் முதல் நம்மோடு கூடவே வரும் தோழர். இறந்துபோன டங்கன் அவருக்குத் தந்தையைப் போன்றவர். கொல்லப்பட்ட மன்னர், ஒரே தந்தைக்குப் பிறந்த அவருடைய சகோதரர். அன்று கோபுரத்தில் தீ ஏற்றப் போனவர்களில் அவரும் ஒருவர். லோகெய்னுக்கு மன்னிப்பு என்று நாம் சொன்னால் அவரால் தாங்க முடியவில்லை. 'இவனோடு சேர்ந்து நான் நிற்க மாட்டேன்' என்று நம்மை விட்டுப் போய்விடுகிறார். அதன் பிறகு நம் அணியில் அவரைச் சேர்க்க வழியே கிடையாது. இந்தத் தொடரின் அடுத்த விளையாட்டில், நாம் எடுத்த முடிவைப் பொறுத்து, ஒரு மதுக்கடையில் குடித்துப் புலம்பும் மனிதராக அவரைப் பார்க்க நேரலாம்.

அன்பார்ந்தவர்களே, பையன்களின் வாதம் இதுதான். ஒருவன் சொன்னான்: "செஞ்ச தப்புக்குத் தண்டனை இல்லேன்னா செத்தவங்களுக்கு என்ன நியாயம் ஃபாதர்?" மற்றவன் சொன்னான்: "செத்துட்டா அவனுக்கு எல்லாம் முடிஞ்சிடும். உயிரோட இருந்து ஈடு கட்டட்டும்." இரண்டிலும் நியாயம் இருந்தது. அப்போது, கொல்லத்தான் வேண்டும் என்று உரக்கப் பேசிய பையன் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தைத்தது. "அடி வாங்காதவனுக்கு மன்னிக்கிறது ஈஸி ஃபாதர்."

எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான். அவனுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஒன்பது வருடங்களுக்கு முன் அவனுடைய அப்பா கடனை வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போய்விட்டார். பத்தாம் வகுப்பில் இருந்த பையன் அதிகாலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனான். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். கடைசித் தவணையை அடைத்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்போது அப்பா தொலைபேசியில் அழைத்திருக்கிறார். உடம்பு சரியில்லையாம். உயிர்ப்பு விழாவுக்கு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறாராம். அம்மா, "வரட்டும்பா" என்கிறார். பையன் சொன்னான்: "அவர் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன் ஃபாதர். அலிஸ்டர் போனது சரிதான்."

விளையாட்டைப் பற்றி அவன் ஏன் அவ்வளவு உரக்கப் பேசினான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

இன்றைய நற்செய்தியைத் திறந்து பாருங்கள். காணாமற்போன மகன் உவமையில், நாம் பெரும்பாலும் இளைய மகனோடு நின்றுவிடுகிறோம். அவன் திரும்பி வருகிறான், தந்தை ஓடிச் சென்று கட்டி அணைக்கிறார், மோதிரம், மிதியடி, விருந்து. நமக்குக் கண் கலங்குகிறது. ஆனால் இயேசு கதையை அங்கே முடிக்கவில்லை. வயலில் இருந்து மூத்த மகன் வருகிறான். ஆடல் பாடல் சத்தம் கேட்கிறது. காரணம் தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிடுகிறான். தம்பி என்று சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. 'உம்முடைய மகன்' என்றுதான் சொல்கிறான்.

அப்போது தந்தை என்ன செய்கிறார்? விருந்தை விட்டுவிட்டு வெளியே வருகிறார். ஒரே நாளில் அவர் இரண்டு முறை வீட்டுக்கு வெளியே வருகிறார். ஒரு முறை தப்பு செய்தவனுக்காக. இன்னொரு முறை அந்தத் தப்பினால் மனம் நொந்தவனுக்காக. மூத்தவனை அவர் திட்டவில்லை. 'நீ சொல்வது பொய்' என்றும் சொல்லவில்லை. அவன் உழைப்பை அவர் மறக்கவில்லை. தம்மிடம் இருப்பதெல்லாம் அவனுடையதே என்று சொல்லிக் கெஞ்சுகிறார்.

இதிலிருந்து மூன்று காரியங்களை நாம் மனத்தில் வைப்போம்.

முதலாவது, இரக்கம் என்றால் பாவத்தைப் பாவம் இல்லை என்று சொல்வதல்ல. லோகெய்ன் செய்தது துரோகம்தான். நோக்கம் நல்லதாக இருந்தாலும், கைவிடப்பட்டவர்கள் கைவிடப்பட்டவர்களே. ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் பாவமன்னிப்பு வழங்குகிறார். கூடவே பரிகாரமும் கொடுக்கிறார். ஏன்? பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது; பாவம் உண்டாக்கிய சேதம் தானாகச் சரியாகிவிடுவதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவதூறு சொல்லியிருந்தால் அந்தப் பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. சக்கேயு இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்ற அன்றே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னாரே!

இரண்டாவது, தண்டனைக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு மனிதனை ஒழித்துக்கட்டுவது அதன் நோக்கமாக இருக்கக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏட்டில் திருத்தம் செய்து, மரண தண்டனையை ஏற்றுக்கொள்ள முடியாது என்று எழுதச் செய்தார். எவ்வளவு பெரிய குற்றம் செய்தவரும் மனித மாண்பை இழந்துவிடுவதில்லை. மனம் மாறும் வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. நம் நாட்டிலேயே இதைக் கண்டோம். அருட்சகோதரி ராணி மரியா 1995-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அவர் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். அந்தச் சிறைக்கே, கொல்லப்பட்டவரின் உடன்பிறந்த தங்கை, அவரும் ஓர் அருட்சகோதரி, போய் அவர் கையில் ராக்கி கட்டி, சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அந்த மனிதர் மனம் மாறினார். 2017-ஆம் ஆண்டு இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். சிறையும் இருந்தது, மன்னிப்பும் இருந்தது. ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை.

அந்த விளையாட்டிலும், உயிரோடு விடப்பட்ட லோகெய்னுக்கு வாழ்க்கை எளிதாகிவிடவில்லை. வார்டன்கள் குடிக்கும் கசப்பான பானத்தை அவர் குடிக்க வேண்டும். யாருக்குத் தீங்கு செய்தாரோ அவர் தலைமையில் நடக்க வேண்டும். கடைசிப் போரில், பெரிய எதிரியைக் கொல்லும் வார்டன் தானும் இறந்துபோவார் என்று தெரிந்தே, அந்தக் கடைசி வெட்டைத் தான் ஏற்றுக்கொள்ளவும் அவர் முன்வரலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த விளையாட்டில் லோகெய்னை மன்னிக்க வழி இருக்கிறது, தண்டிக்க வழி இருக்கிறது. கோபித்துக்கொண்டு போன அலிஸ்டரின் பின்னால் ஓடிப்போய், கையைப் பிடித்து, "தம்பி, உன் வலி எனக்குத் தெரியும்" என்று சொல்லி அழைத்துவர வழி இல்லை. விளையாட்டைச் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம்முடைய குடும்பங்களிலும் பங்குகளிலும் அப்படித்தானே நடக்கிறது? திரும்பி வந்தவருக்கு மாலை போடுகிறோம். அவரால் அழுதவரிடம், "இன்னுமா மறக்கலை? நீ கிறிஸ்தவன்தானே?" என்று கேட்கிறோம். நற்செய்தியில் வரும் தந்தை அப்படிக் கேட்கவில்லை. அவர் வெளியே வந்து பக்கத்தில் நின்றார்.

அன்று அந்தப் பையனிடம் நான், "உடனே மன்னித்துவிடு" என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி? பால் பாக்கெட் சுமந்தவன் அவன். நான் சொன்னது இதுதான்: "வீட்டைவிட்டுப் போகாதே. உன் அப்பா வரும்போது, அந்த ஒன்பது வருடத்தில் நடந்ததை அவர் முகத்துக்கு நேராகச் சொல். கணக்கு கேட்க உனக்கு உரிமை உண்டு. அதைக் கேட்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு." அவன் அம்மாவிடமும் சொன்னேன்: "வாசலில் அவரை வரவேற்பதற்கு முன்னால் இவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்."

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிலர், வீடு திரும்ப நினைக்கும் தந்தையாகவோ, கணவராகவோ, மகளாகவோ இருக்கலாம். நம்பிக்கையோடு வாருங்கள். ஆனால் மோதிரத்தை எதிர்பார்த்து வராதீர்கள். இளைய மகன் தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்கத்தான் புறப்பட்டான். அந்த மனத்தோடு வாருங்கள். அதேபோல, அடித்துத் துன்புறுத்தியவரை மறுபடியும் வீட்டுக்குள் விட்டே ஆக வேண்டும் என்று மன்னிப்பின் பெயரால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. உள்ளத்தில் மன்னிப்பது ஒன்று. கதவைத் திறப்பது இன்னொன்று. இரண்டாவதற்குக் காலமும் பாதுகாப்பும் வேண்டும்.

மூத்த மகன் கடைசியில் விருந்துக்கு உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. அந்தப் பையன் என்ன செய்வான் என்று எனக்கும் தெரியாது. வியாழக்கிழமை பூசைக்கு வந்தபோது, "வீட்டுல இருக்கேன் ஃபாதர். பேசுவேனான்னு தெரியலை" என்றான். அது போதும் என்று நினைத்தேன். தந்தையும் இன்னும் அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

உயிர்ப்பு விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. இந்த வாரம் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகும்முன், நம் வீட்டு வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று யோசிப்போம். தப்பு செய்துவிட்டு உள்ளே வரத் தயங்குகிறவராக இருக்கலாம். மனம் நொந்து உள்ளே வர மறுக்கிறவராகவும் இருக்கலாம். அவரிடம் நாமே ஒரு முறை வெளியே போவோம்.

இரக்கமுள்ள தந்தையே, நாங்கள் செய்த தீமைக்கு ஈடு செய்யும் மனத்தையும், எங்களுக்குத் தீமை செய்தவர்களை வெறுக்காமல் இருக்கும் வலிமையையும் எங்களுக்குத் தாரும். மனம் நொந்து வெளியே நிற்பவர்களின் அருகில் நீர் நிற்பதுபோல் நாங்களும் நிற்க அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.