மொட்டை மாடியிலிருந்து பறவை பார்ப்பது



பறவை பார்ப்பது என்றதும் வேடந்தாங்கலும் கோடியக்கரையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதற்கு ஒரு நாள் லீவு வேண்டும், விலை உயர்ந்த பைனாகுலர் வேண்டும் என்று எண்ணிக்கொண்டு தள்ளிப்போட்டுவிடுகிறோம். மயிலாப்பூரில் வாழ்ந்த ஒருவர் இந்த எண்ணத்தைத் தம் எழுத்தால் ஆயுள் முழுக்க மறுத்துக் காட்டினார். அவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 1950இல் ஒரு பத்தி எழுதத் தொடங்கி, 1996 பிப்ரவரியில் காலமாகும் வரை அதை விடாமல் எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள்! யானையையும் காட்டெருதையும் காட்டில் தேடிப் போய்ப் படம் எடுத்தவர்தான். ஆனாலும் அவர் எழுத்தில் காகத்துக்கும் அணிலுக்கும் கீரிக்கும் யானைக்குக் கிடைத்த அதே மரியாதை கிடைத்தது. அன்றைக்கு எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று பெயர், இன்றைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. அந்தச் சாலையில் இருந்த வீடும் தோட்டமும் அவருக்குப் போதுமான காடாக இருந்தன. தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலில் அந்தக் கட்டுரைகள் கிடைக்கின்றன. வாங்கிப் படியுங்கள்.

வீட்டருகே பறவை பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது. நான் அதை ஒரு கலையாகவே மதிக்கிறேன். அந்தக் கலையில் தேர்ச்சி என்பது எத்தனை வகைப் பறவை பார்த்தோம் என்ற பட்டியலில் இல்லை. ஒரே இடத்தை எத்தனை பருவங்களில் பார்த்தோம் என்பதில் இருக்கிறது.

முதலில் தேவைப்படுவது கண் அல்ல, காது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்கழியில் சபாவுக்குள் தாமதமாக நுழையும் ரசிகர், ஆலாபனையின் இரண்டு பிடிகளிலேயே இது தோடி, இது வராளி என்று கண்டுகொள்கிறார். பறவையும் அப்படித்தான் பிடிபடும். மந்தைவெளியில் ஏதாவது ஒரு மாடியில் காலை ஆறரைக்கு ஒரு பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். காகத்தின் கரைதலுக்கு அடியில், கீச்சுக்குரலில் ஓயாமல் கத்துகிற ஒன்று இருக்கும். அது தையல்சிட்டு. கட்டைவிரல் அளவுதான் உடம்பு. அந்தக் குரலோ தெருக்கோடி வரை எட்டும். செம்பருத்திச் செடியில் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து அதற்குள் கூடு வைத்திருக்கும். செடிக்குத் தினம் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கே அது தெரியாமல் போய்விடுகிறது.

வெயில் ஏறிய பிறகு 'டுக்... டுக்... டுக்...' என்று, யாரோ செம்புப் பாத்திரம் தட்டுவதுபோல, ஒரே சீராக ஒரு சத்தம் கேட்கும். அதுதான் குக்குறுவான். பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. ஆலம்பழமும் அரசம்பழமும் அதற்கு உணவு. கூவும்போது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும். அதனால் சத்தம் ஒரு நேரம் எதிர் வீட்டிலிருந்து வருகிறது, மறு நேரம் பின் தெருவிலிருந்து வருகிறது. இலையோடு இலையாக இருப்பதால் உட்கார்ந்திருக்கும் கிளையைப் பார்த்துக்கொண்டே அதைத் தவறவிடலாம். குளிர்காலக் காலையில் இலை உதிர்ந்த உச்சிக்கிளையில் வெயில் காய வரும்போது தேடுங்கள், அகப்பட்டுவிடும்.

குயில் இருக்கிறதே, அதைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம், பார்த்திருப்பது மிகக் குறைவு. பாடுவது ஆண் குயில். உடம்பெல்லாம் கறுப்பு, கண் மட்டும் ரத்தச் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதற்குப் பாட்டு கிடையாது, 'கிக் கிக் கிக்' என்று அவசரமாகக் கத்தும். இந்த இரண்டையும் ஒரே மரத்தில் பார்த்தவர்கள்கூட, இவை கணவன் மனைவி என்று நினைக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் அடங்கியிருந்த ஆண் குயிலின் குரல், தை பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சித்திரையில் விடியலுக்கு முன்பே நம்மை எழுப்பிவிடுகிறது. அதே நாட்களில் வேப்பமரத்தில் காகம் குச்சி சேர்க்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து வருவதில்லை. குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும். ஆண் குயில் கூட்டுக்கு அருகில் வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். காகங்கள் கோபத்தோடு அதைத் துரத்தும். அந்த இடைவெளியில் பெண் குயில் கூட்டுக்குள் போய் வந்துவிடும். குயில் குஞ்சு காகக் குஞ்சுகளைவிடச் சில நாட்கள் முந்திப் பொரிந்து, உணவு வாங்குவதிலும் முந்திக்கொள்ளும்.

ஆனி, ஆடியில் உங்கள் தெருவில் காகத்தின் பின்னால் இறக்கையை நடுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, புள்ளிபோட்ட ஒரு குஞ்சு அலைகிறதா என்று பாருங்கள். அதற்குக் காகம் ஊட்டும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் நின்று பார்க்கிறேன். தையில் கேட்ட முதல் கூவலிலிருந்து ஆடியில் பார்த்த அந்தக் குஞ்சு வரை ஆறு மாதக் கதை. அதை முழுதாகப் பார்க்க ஒரு பால்கனியும், ஒரு வேப்பமரமும், பொறுமையும் இருந்தால் போதும். காட்டுக்குப் போய் ஒரு நாள் சுற்றிவிட்டு வருகிறவருக்கு இந்தக் கதை கிடைக்காது. வீட்டருகே பார்ப்பதன் மேன்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

தியாகராய நகருக்கு வருவோம். பாண்டி பஜாரில் என்ன பறவை என்று கேட்பீர்கள். அந்த நகரே ஏரியில் எழுந்தது. 1920களில் நீண்ட ஏரி என்ற பெரிய நீர்நிலையை வற்றடித்து, மாம்பலத்தில் இந்த நகரை உருவாக்கினார்கள். ஏரி போய்விட்டது. ஆனால் பொழுது சாய்ந்து கடை விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் தலைக்கு மேல் 'வக்' என்று கரகரப்பாக ஒற்றைக் குரல் கேட்கும். வக்கா என்கிற இராக்கொக்கு அது. பகலெல்லாம் மரத்தில் தூங்கிவிட்டு, நாம் வீடு திரும்பும் நேரத்தில் மீன் பிடிக்கக் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ கிளம்புகிறது. பனகல் பூங்காவிலும் நடேசன் பூங்காவிலும் மாலையில் நடக்கப் போகிறவர்கள் தயவுசெய்து காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு ஒரு சுற்றாவது நடந்து பாருங்கள். பெரிய மரங்களில் மைனாக்கள் இரவு தங்க வந்து இடம் பிடிப்பதற்காகப் போடும் சண்டையே ஒரு தனிக் கச்சேரி. இருட்டிய பிறகு மரப்பொந்திலிருந்து புள்ளி ஆந்தை எட்டிப் பார்க்கும். ஆந்தையைக் கண்டால் ஆகாது என்று கல்லெறிகிற பழக்கம் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. எலியையும் பூச்சியையும் தின்று நமக்கு நன்மை செய்கிற அந்த உயிருக்கு நாம் இழைக்கும் அநியாயம் அது.

அடையாறு இந்த நகரத்தின் பெருஞ்செல்வம். 1882இல் பிரம்மஞான சபை வந்து அமர்ந்த வளாகம், பழைய ஆலமரத்தோடு இன்றும் ஆற்றின் தென்கரையில் நிற்கிறது. அந்த மரத்தின் தாய்த்தண்டு 1989இல் புயல் காற்றில் சாய்ந்தது, விழுதுகள் மட்டும் நின்றுகொண்டன. குளிர்காலத்தில் அங்கே சருகுக்குள் செந்தலைப் பூங்குருவி இலையைப் புரட்டிப் புழு தேடும். கொடிக்கால் வாலாட்டி, மற்ற வாலாட்டிகளுக்கு மாறாக, வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டும். இவை இமயத்திலும் அதற்கு அப்பாலும் இருந்து வருகிற விருந்தாளிகள்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், 1977இல் உடைந்துபோன பாலத்தின் பக்கம் மார்கழிக் காலையில் நின்றால், சேற்றில் சிட்டுக்குருவி அளவே உள்ள சின்ன உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துவதைப் பார்க்கலாம். துருவத்தை ஒட்டிய சைபீரிய வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுப் பட்டினப்பாக்கத்துக்கு வந்திருக்கின்றன. இந்த இடத்தைப் பறவையியலாளர் வி. சாந்தாராம் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். இப்படி ஒருவர் தொடர்ந்து எழுதி வைத்ததனால்தான் நாம் எதை இழந்தோம் என்பது இன்றைக்குத் தெரிகிறது. சாக்கடை, கட்டடக் கழிவு, மணல் அடைத்த முகத்துவாரம் என்று ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கரில், உப்பங்கழியின் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. இதை நான் மனதார வரவேற்கிறேன். குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் இன்று மீன்கொத்தியும் நீர்க்காகமும் வேட்டையாடுகின்றன. அப்படியானால் மற்ற இடங்களையும் மீட்க முடியும்.

பறவையோடு நிற்க வேண்டியதில்லை. கிண்டி தேசியப் பூங்கா 1978இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள்ளும் பக்கத்து ஐஐடி வளாகத்திலும் வெளிமானும் புள்ளிமானும் இருக்கின்றன. ஆளைக் கண்டதும் தலை தூக்கிப் பார்க்கும் வெளிமான் கலையின் முறுக்கிய கொம்பைப் பஸ் போகும் சாலைக்கு இவ்வளவு அருகில் பார்க்கிற பாக்கியம் வேறு எந்தப் பெருநகரத்துக்கு இருக்கிறது? பெசன்ட் நகர் கடற்கரைக்குத் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, இரவில் நீலாங்கரையிலிருந்து மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான குழியில் வைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை அவர்களோடு நடந்து வாருங்கள்.

இந்தக் கலைக்குள் புகுந்திருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கேமரா எல்லோர் கைக்கும் வந்தது நல்லதுதான், படம் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஓர் அபூர்வப் பறவை வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியதும், இருபது பேர் லென்ஸோடு வந்து சூழ்ந்துகொள்வதும், செல்போனில் அதன் குரலை ஓடவிட்டு வெளியே வரவழைப்பதும், கூட்டை மறைக்கும் இலையை விலக்கிப் படம் எடுப்பதும் தவறு. குரல் கேட்ட பறவை எதிரி வந்துவிட்டான் என்று பதறி இரையை விட்டுவிட்டு வருகிறது. இலை விலகிய கூடு காகத்தின் கண்ணில் படுகிறது. பறவைக்குத் துன்பம் தந்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதில் மதிப்பில்லை. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் பார்த்தால் தெரியும், விலங்கு தன் போக்கில் இருக்கும், அவர் காத்திருந்திருப்பார்.

பெயர் தெரிந்துகொள்ள 'க்ரியா' வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தமிழில் இருக்கிறது, ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதியது. துணை வேண்டும் என்கிறவர்களுக்கு 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டு தளத்தில் பதிந்தால் போதும். மாடியில் பொங்கல் பானை பொங்கும்போதே எண்ணலாம்.

ஆனால் தை வரை காத்திருக்க வேண்டாம். புரட்டாசியிலேயே தொடங்கலாம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் இருந்து ஆறுமணிக் குருவி தெற்கே கிளம்பும் காலம் அது. முதுகு பச்சை, வயிற்றின் கீழ்ப்புறம் சிவப்பு, இறக்கையில் நீலம், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் குட்டை. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். சென்னைக்கும் இதற்கும் பழைய உறவு. ஜார்ஜ் கோட்டை மருத்துவர் எட்வர்ட் பல்க்லி அனுப்பிய படங்களையும் குறிப்புகளையும் கொண்டு 22 மதராஸ் பறவைகளின் பட்டியல் ஒன்று, ஜான் ரே எழுதிய நூலின் பின்னிணைப்பாக 1713இல் லண்டனில் அச்சானது. அதிலேயே இந்தக் குருவி இருக்கிறது.

இரவில் பயணம் செய்கிற இந்தக் குருவி, நம் விளக்குகளில் திசை தடுமாறி, கண்ணாடி ஜன்னலில் மோதி, காலையில் பால்கனியிலோ மாடிப்படியிலோ சோர்ந்து கிடக்கும். வண்ணத்தைப் பார்த்து யாரோ வளர்த்த கூண்டுப் பறவை என்று நினைத்துவிடுகிறார்கள். காகம் கொத்துவதற்குள் மெல்ல ஒரு துணியால் மூடி எடுங்கள். காற்றுத்துளை போட்ட ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் இல்லாத மூலையில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறு ஊட்ட வேண்டாம். சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்கு முன், காகம் இல்லாத, புதர் அடர்ந்த மரத்தடியில் பெட்டியைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் தானே எழுந்து போகும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ, கிண்டியில் உள்ள வனத்துறைக்கோ புளூ கிராஸுக்கோ உடனே சொல்லிவிடுங்கள். வாட்ச்மேனிடமும் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். விடியற்காலையில் மாடிப்படியில் முதலில் கால் வைப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.