மழை பிறக்கும் கதை

(பரிசளிப்பு விழாவில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மழையைப் பற்றிப் பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார். பால்மரம் வெட்டியவர்களுக்கு மழையைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? பெரட்டுக்குப் போகுமுன் இருட்டிலேயே வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் நீங்கள். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் இறங்காது, மரமெல்லாம் பரவிவிடும். வெட்டி முடித்த பிறகு பிடித்தால் மங்கில் மிஞ்சுவது வெள்ளைத் தண்ணீர். "மழை பேஞ்சா கூலி போச்சு" என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் மழை எப்படி வருகிறது என்று பிள்ளை கேட்டால், "மேகம் ரெண்டும் முட்டிக்குது, அதான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது சரியல்ல. பிள்ளையோ அதை அப்படியே நம்பி, தேர்வுத்தாளிலும் எழுதிவிடுகிறது!

வீட்டிலேயே செய்து காட்டலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் சுடுநீர் ஊற்றுங்கள். ஊதுபத்திப் புகையைச் சிறிது உள்ளே விட்டு, வாயை ஒரு தட்டால் மூடி, தட்டின் மேல் ஐஸ் வையுங்கள். உள்ளே வெண்புகை போலச் சுழல்வதுதான் மேகம். நீராவி மேலே போய்க் குளிர்கிறது. பற்றிக்கொள்ள ஒரு தூசு கிடைத்ததும் துளியாகிறது. வானத்தில் அந்தத் தூசு கடல் உப்பாக இருக்கும், புகையாகவும் இருக்கும்.

ஆனால் மேகத்துளி மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு. ஏறத்தாழ பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. எப்படிச் சேரும்? ஒரு வழி, பெரிய துளி விழும்போது சின்னதையெல்லாம் விழுங்கிக்கொண்டே வருவது. இன்னொரு வழியைச் சொன்னால் வகுப்பில் சிரிக்கிறார்கள். "ஐஸா சார்? ஈப்போவிலேயா?"

ஆம், ஈப்போவில்தான். நம் தலைக்கு மேல் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் தண்ணீர் உறையும் குளிர் இருக்கிறது. இடிமேகமோ 15 கிலோமீட்டர் வரைகூட எழும்பும். அங்கே பனித்துகள்கள் நீராவியைப் பிடித்துப் பருக்கின்றன. இதை 1930களில் விளக்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்கரோன். கீழே வரும் வழியில் அவை உருகி மழையாகின்றன. பேராக்கின் உயர்ந்த மலையான கோர்பு மலையே 2,183 மீட்டர்தான். அதனால்தான் உறைபனி நம்மை எட்டுவதில்லை. எப்போதாவது பெரிய கட்டிகள் உருகி முடிவதற்குள் தரைக்கு வந்துவிடும். அதுதான் ஆலங்கட்டி மழை. தகரக் கூரையில் படபடவென்று விழும்போது பயப்படுகிறோம். அது தெய்வக் குற்றமல்ல.

இங்கே தமிழில் ஒரு சிக்கல். காலையில் புல்லில் நிற்பதும் பனி, பட்டணத்தார் படத்தில் பார்க்கும் வெள்ளைப் பொழிவும் பனி. "நேத்து பனி பெஞ்சிச்சு" என்கிறோம். உண்மையில் புல்லின் பனித்துளி பெய்வதே இல்லை. இரவில் குளிர்ந்த இலையின் மேலேயே அது உண்டாகிறது. பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

இனி நம் ஊர்க் கணக்கு. ஈப்போவில் வெயில் காய்ந்து, சூடான காற்று மேலெழும்பி, பிற்பகலில் இடியோடு பெய்கிறது. தைப்பிங்கில் இதோடு மலையும் சேர்கிறது. கடற்காற்று லாருட் மலையில் மோதி மேலேறுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர்! மழை எத்தனை மணிக்கு வரும் என்று அங்கே பந்தயம் கட்டிய கதையும் உண்டு.

அப்படியானால், உங்கள் கூலியைக் கெடுத்த விடியற்காலை மழை? வெயிலே இல்லாத நேரமாயிற்றே! அதற்குப் பெயர் சுமத்ரா. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்ராத் தீவின் பக்கமும் மலாக்கா நீரிணையிலும் வரிசையாக எழும் இடிமேகங்கள், விடியும் வேளையில் பலத்த காற்றோடு நம் மேற்குக் கரையில் ஏறுகின்றன. உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். காற்று எந்தத் திசையில் திரும்பினால் மழை வரும் என்று அவருக்குத் தெரியும். தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்ட இந்நாளில், அந்த அறிவைக் கேட்டு எழுதிக்கொள்ள அவர்களைவிட்டால் ஆளில்லை.

மாணவர்களே, அதை எழுதி வாருங்கள். கூடவே நேரான பக்கமுள்ள பழைய மைலோ டின் ஒன்றும், ஓர் அடிக்கோலும் கொண்டு வாருங்கள். டின்னைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை எட்டு மணிக்கு உள்ளே எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று அளப்போம். இடி கேட்கிற நேரத்தில் மட்டும் யாரும் டின்னிடம் போகவேண்டாம், மரத்தடியிலும் நிற்கவேண்டாம். அம்மாமார்களே, டின்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை அது வேண்டும்.