பெட்டியில், பெட்டி மேல், பெட்டிக்கு மேல்



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று அழைத்தபோது ஒருங்கிணைப்பாளர், “இருபது நிமிடம் போதும் ஐயா” என்றார். அது சலுகையா எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. நாற்பது குழந்தைகள் முன்னால் நின்று பழகிய கால், நாற்பது பேராசிரியர்கள் முன்னால் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. பயிற்சி நிறுவனத்தில் பாதி வாழ்க்கையும் தொடக்கப்பள்ளியில் மீதியும் கழித்த ஒருவனை இந்த நாற்காலியில் உட்கார வைத்ததற்கு நன்றி.

‘தொடக்க வகுப்புகளில் ஆங்கிலச் சொல்லும் இலக்கணமும்: செய்து கற்கும் வழிகள்’ என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். இதன் வரலாற்றை இந்த அவையில் விரிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதை எழும்பூரில் தம் பொறுப்பிலிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கும் வழியாக்கிய ஆண்ட்ரூ பெல்லை அறிவீர்கள். 1939-இல் அடையாறு வந்து சேர்ந்த மாண்டிசோரியையும், பெயர்ச்சொல்லுக்கு அவர் வைத்த கறுப்பு முக்கோணத்தையும், வினைச்சொல்லுக்கு வைத்த சிவப்பு வட்டத்தையும் அறிவீர்கள். 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர முனைந்த ‘மெட்ராஸ் பனிப்பந்து’, 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம், ரிஷிவேலியில் முளைத்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் 2007-08-இல் மாநிலம் முழுமைக்கும் வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகள், 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் எல்லாம் உங்களுக்குப் பழகியவை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைக் கையேடுகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். வரலாறு இத்துடன் போதும்.

ஒரு சிறு கணக்கை மட்டும் தீர்த்துவிட்டு நகர்கிறேன். கட்டளை கொடு, குழந்தை எழுந்து செய்யட்டும் என்கிற முறையைப் பற்றி நம் பயிற்சிகளில் காட்டும் ஒவ்வொரு பவர்பாயிண்டும் ஜேம்ஸ் ஆஷரில் தொடங்குகிறது. ஆஷர் எழுதியது 1960-களில். ஹெரால்டு பாமர் தம் மகள் டொரோத்தேயோடு சேர்ந்து ‘இங்கிலீஷ் த்ரூ ஆக்‌ஷன்ஸ்’ நூலை டோக்கியோவில் வெளியிட்டது 1925-இல். ஆஷர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஸ்லைடைப் பத்தாண்டுகளாக மாற்றாமல் வைத்திருப்பவர்கள்மேல் லேசான வருத்தம் உண்டு.

இனி, நான் உண்மையில் பேச வந்த விஷயம்.

செய்து கற்பது என்றால் நம்மில் பலருக்குக் கைவேலை என்று பொருளாகிவிட்டது. கற்றல் உபகரணக் கண்காட்சி ஒன்றில் ஓர் ஆசிரியை தெர்மாகோலில் பேருந்து செய்து வைத்திருந்தார். சக்கரத்தைச் சுற்றினால் ஜன்னலில் ஒருமை தெரியும், இன்னும் கொஞ்சம் சுற்றினால் பன்மை. இரண்டு இரவு தூங்காமல் செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. குழந்தைகள் இதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று கேட்டேன். “தொட விடறதில்ல சார், பிய்ச்சிடுவாங்க” என்றார். கண்காட்சி முடிந்ததும் பேருந்து பீரோவுக்குள் போயிற்று. அந்த ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. பரிசு கொடுத்த குழுவில் நானும் இருந்தேன்.

இன்னொரு பக்கம் ஆப்பிளுக்கு வண்ணம் தீட்டுதல், வெட்டுதல், ஒட்டுதல். இவற்றுக்கு நான் வைத்திருக்கும் சோதனை மிக எளியது. குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்து முடிக்க முடியுமா? முடியும் என்றால் அது ஓவிய வகுப்பு. நல்ல ஓவிய வகுப்பாகவும் இருக்கலாம். ஆங்கில வகுப்பு அல்ல. சொல்லப்பட்ட வாக்கியம் காதில் விழாவிட்டால் கை அசைய வழியில்லை என்று இருந்தால்தான் அது மொழிப்பயிற்சி. பிரபுவின் வகுப்புகளில் கைக்குப் பெரிய வேலை இருந்ததில்லை. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறலாம் என்று யோசித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மொழியை விலக்கிவிட்டு அந்த யோசனையைச் செய்ய முடியாது.

இந்தச் சோதனையில் என் பாடமே ஒருமுறை தோற்றது. மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு குழந்தையிடமும் காலித் தீப்பெட்டி ஒன்று, புளியங்கொட்டை ஒன்று. ‘புட் தி சீட் இன் தி பாக்ஸ்’ என்றேன். முப்பது புளியங்கொட்டைகளும் பெட்டிக்குள் போயின. மகிழ்ந்துபோனேன். அடுத்து ‘புட் தி சீட் ஆன் தி பாக்ஸ்’ என்றேன். பாதிக்கு மேற்பட்டவை மறுபடி உள்ளேதான் போயின. முன் வரிசைப் பெண் ஒருத்தி என் முகம் போன போக்கைப் பார்த்து, “பெட்டியிலதானே சார் வைக்கச் சொன்னீங்க?” என்றாள்.

அவள் கேட்டது ‘புட்’, ‘சீட்’, ‘பாக்ஸ்’ என்ற மூன்று சொற்களை மட்டும். மீதியை உலக ஞானம் நிரப்பிவிட்டது. பெட்டி என்றால் உள்ளே போடத்தானே! அப்படியானால் முதலில் முப்பது பேரும் சரியாகச் செய்தார்களே, அது? அதுவும் ஆங்கிலம் தெரிந்து செய்ததல்ல. ‘இன்’ என்ற சொல்லை நான் விழுங்கியிருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். ஈவ் கிளார்க் 1973-இல் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட சிறு குழந்தைகளிடம் இதைக் கண்டார். கொள்கலமாக இருந்தால் உள்ளே போடுவார்கள், தட்டையான பரப்பாக இருந்தால் மேலே வைப்பார்கள். சொல்லின் பொருள் தெரிவதற்கு முன்பே கைக்கு இந்த வழக்கம் உண்டு. நம் மதிப்பீட்டு அட்டைகளில் ‘சரி’ போடப்பட்ட எத்தனை கட்டங்கள் இப்படிப்பட்டவை என்று யோசித்தால் எனக்குச் சற்றுக் கலக்கமாகத்தான் இருக்கிறது.

பரிகாரம் என்ன? வழக்கத்துக்கு மாறானதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தோன்றியிருக்கும். டம்ளருக்கு அடியில் பென்சில், புத்தகத்துக்குள் செருப்பு. குழந்தைகளுக்குச் சிரிப்பும் வரும். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி தமிழில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கும் நம் துறைக்கும் பழைய வழக்கு.

சுவரில் பல்லி, தண்ணீரில் மீன், கடையில் அப்பா. மூன்றுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. ஆங்கிலம் அதையே ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ என்று மூன்றாக உடைக்கிறது. அப்படியானால் தமிழ் எங்கே வேறுபாடு காட்டுகிறது? பல நேரம் வினையில். ‘டம்ளரில் ஒட்டு’, ‘டம்ளரில் போடு’ என்கிறோம். உருபு மாறவில்லை, வினை மாறிவிட்டது. குழந்தைக்குக் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் ‘புட்’ என்ற ஒரே வினையை அப்படியே வைத்துக்கொண்டு ப்ரிப்பொசிஷனை மட்டும் மாற்றலாம். ஆகவே நம் குழந்தை இத்தனை காலம் வினையில் தேடிப் பழகிய சேதியை இனி அந்தக் குட்டிச் சொல்லில் தேட வேண்டும். பசை தடவிய காகிதப் பல்லி ஒன்றும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றும் கொடுத்து, ‘புட் தி லிசர்ட் இன் தி டம்ளர்’, ‘புட் தி லிசர்ட் ஆன் தி டம்ளர்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வினை கைகொடுக்காது. பசை இருப்பதால் வெளிப்புறத்தில் ஒட்டவும் முடியும், வாய் திறந்திருப்பதால் உள்ளே போடவும் முடியும். உலக ஞானமும் கைவிட்டுவிடும். அந்தச் சொல்லைக் கேட்டே ஆக வேண்டும்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. ‘ஆன்’ வேறு, ‘அபவ்’ வேறு, தமிழனுக்கு இரண்டும் ‘மேலே’தான், அதனால் குழம்புகிறான் என்று பயிற்சி நூல்கள் எழுதுகின்றன. யோசிக்காமல் எழுதிய வரி அது. தலை மேல் மின்விசிறி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி என்றால் காற்று வாங்கலாம். பெட்டி மேல் என்றால் தொட்டுக்கொண்டிருக்கிறது, பெட்டிக்கு மேல் என்றால் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் காட்டுவது நான்காம் வேற்றுமைக் ‘கு’. பேச்சில் இரண்டும் கலந்து வரும் என்று நண்பர்கள் மறுப்பார்கள். வரும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் குழந்தை தடுமாறி நான் கண்டதில்லை. வலது கையில் புளியங்கொட்டையைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்து, “பெட்டி மேலயா, பெட்டிக்கு மேலயா?” என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். பதில் வந்த நொடியே ‘அபவ்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுங்கள். அரை நிமிட வேலை. படம் வரைந்து, வீடியோ காட்டி, அம்புக்குறி போட்டு ஒரு பீரியடை இதில் செலவழிக்கத் தேவையில்லை. அந்த பீரியடைப் பல்லிக்குக் கொடுங்கள்.

நன்னூலில் பவணந்தியார் இடப்பொருள் உருபு என்று 28-ஐ அடுக்குகிறார். தொல்காப்பியரும் கண் தொடங்கிப் பத்தொன்பது சொல்கிறார். மேல், கீழ், முன், பின், உள், புறம், அகம் எல்லாம் அதில் உண்டு. ஆங்கில ப்ரிப்பொசிஷன் பாடத்துக்குத் தமிழ்க் குழந்தையின் தலையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தொடக்கப் பட்டியல் கிடையாது. நம் துறையில் எத்தனை பேர் அந்த நூற்பாவை எடுத்துப் பார்த்திருக்கிறோம்? தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே வராந்தாவில் இருந்தும் தனித்தனி டீக்கடைக்குப் போகிற கல்லூரிகள் நம்முடையவை. இதையே ஒரு கட்டுரையாக எழுதி ஆங்கிலக் கற்பித்தல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். “இது தமிழ் இலக்கணம், தமிழ் இதழுக்கு அனுப்பவும்” என்று இரண்டு வரியில் திரும்பி வந்தது. தமிழ் இதழுக்கு அனுப்பினேன். “இது ஆங்கிலம் கற்பித்தல்” என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. பின்னது சுருக்கம் என்ற வகையில் மேல்.

முன்வரிசையில் என் மூத்த நண்பர் புன்னகைக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் நான் தயாரித்த பயிற்சிக் கட்டகத்தில் இருந்த தமிழ் வரிகள் அத்தனையையும் சிவப்பு மையால் அடித்தவர் அவர். ‘ஆங்கில வகுப்பில் தமிழுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆங்கிலத்திடமிருந்து திருடியது’ என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. அரை நிமிடம் என்று தொடங்குகிற தமிழ் அரை மணியாகி, பாடம் முழுவதும் மொழிபெயர்ப்பாகி, குழந்தை ஆங்கில வாக்கியம் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்காமல் வீடு திரும்புகிற வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். அந்த நோய்க்கு அவர் கண்ட மருந்து தமிழை வாசலிலேயே நிறுத்துவது. ஆனால் வாசலில் நிற்பது ஆசிரியரின் தமிழ் மட்டும்தான். குழந்தையின் தமிழ் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது, “பெட்டியிலதானே சார்” என்று கேட்டுக்கொண்டு. டாட்சன் 1967-இல் இருமொழி முறை என்று நூலே எழுதினார். கய் குக் 2010-இல் மொழிபெயர்ப்பை மறுபடி வகுப்புக்குள் அழைத்து வந்தார். நாமோ இன்னும் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கிறோம். நண்பர் இதற்கு மறுப்புச் சொல்வார், சொல்லட்டும். மதிய உணவின்போது பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன்.

கைக்கு எட்டாத இலக்கணமும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங்’ என்று காட்டலாம். ‘ஐ வாக் டு ஸ்கூல்’ என்பதை எப்படி நடந்து காட்டுவது? தினமும் என்பதை எந்தக் கை காட்டும்? காட்ட எளிதாக இருக்கிறது என்பதற்காகவே நிகழ்கால ‘இங்’ நம் பாடங்களில் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் வழங்கும் வினைத்தொடர்களில் பத்தில் ஒன்பதுக்கு அந்த ‘இங்’ கிடையாது என்கின்றன சொற்றொகுதி ஆய்வுகள். நம்மூர் ‘ஐ ஆம் நோயிங்’ பிறந்ததில் இந்தச் செயல்முறைப் பாடங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம். நிரூபிக்கவில்லை. இளைய நண்பர்கள் யாராவது எடுத்துச் செய்தால் மகிழ்வேன்.

ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இருபது நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. இந்த இரண்டு நாளும் இங்கே செயல்பாடுகளைக் காட்டப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டையையும் பொம்மையையும் வீடியோவையும் காட்டுவதற்கு முன்னால், அந்தக் குழந்தையிடம் நீங்கள் சொன்ன வாக்கியத்தை முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். அதை எந்தத் தமிழாக எடுத்துக்கொண்டு குழந்தை கையை நீட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீப்பெட்டியும் புளியங்கொட்டையும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருக்கிறேன். பதிவு மேஜை மேல் இருக்கிறது.